அவசரமாய்ப் பூக்கும் அப்ரிகொட்

கடைகளில் பேரீச்சம்பழத்திற்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக மினுங்கும் உலர்ந்த அப்ரிகொட்டைப் பார்த்திருப்பீர்கள். உலகச் சந்தைக்கு வரும் உலர்ந்த அப்ரிகொட்டில் பெரும்பகுதி துருக்கியின் மலாட்யா மாகாணத்தில் விளைவது. ரோமர் இதனை ஆர்மீனியப் பழம் என்றனர். பூர்வீகமோ சீனாவும் மத்திய ஆசியாவும்.

இம்மரத்திற்குக் குளிர்காலம் அவசியம். ஆனால் அவசரக்கார மரம்! குளிர் முற்றாக விலகுமுன்பே பூத்துவிடும். பின்னர் ஓரிரவு உறைபனி விழுந்தால் ஆண்டு வருமானமே போய்விடும். 2023 பெப்ரவரிப் பூகம்பத்தில் குலைந்துபோன மலாட்யாவுக்கு 2025 ஏப்ரலில் அதுதான் நேர்ந்தது. விளைச்சலில் பெரும்பகுதி கருகிப்போனது.

சகோதரிகளே, அந்தப் பளிச்சென்ற நிறம், காயவைக்குமுன் காட்டும் கந்தகப் புகையினால் வருவது. வெறும் வெயிலில் காய்ந்த பழம் கபில நிறமாயிருக்கும், பார்வைக்கு அழகில்லைதான். கந்தகம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அத்தகையோர் உள்ள வீட்டுக்குக் கபில நிறப் பழத்தையே கேட்டு வாங்குங்கள்.