பழைய காருக்குக் கம்ப்யூட்டர் மாட்டும் முன்

மோகனூர், பரமத்திவேலூர் பக்கம் கார்புரேட்டர் காலத்து மாருதி 800, அம்பாசடர் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மைலேஜ் இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்று பட்டறைக்குப் போனால், "கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு இன்ஜெக்டரும் தனி ஈ.சி.யூ.வும் போட்டுடலாங்க" என்ற யோசனை வரலாம். தலையாட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று சென்சார்களைக் கேட்டு முடிவெடுப்பது ஈ.சி.யூ. கம்பெனி வண்டியில் வருவது அந்த இன்ஜினுக்கென்றே சோதித்தது. தனியாக வாங்குவதில் அந்தக் கணக்கை, அதாவது 'மேப்'பை, டியூனர்தான் எழுத வேண்டும். லோடில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகலாம்.

அதைவிடப் பெரிய பயம் தீ. பழைய மாருதியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து ஓடும், இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். அழுத்தமும் மிகக் குறைவு. இன்ஜெக்டருக்கோ சுமார் 3 பார் அழுத்தமும் எலெக்ட்ரிக் பம்பும் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. பம்பை நேராகச் சாவியில் இணைத்துவிட்டால், வண்டி மோதி இன்ஜின் நின்ற பிறகும் அறுந்த ஹோஸ் வழியே பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மாட்டிய வண்டியில் இதை நீங்களே சோதிக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பம்ப் சில நொடி ரீங்கரித்து அடங்க வேண்டும். அடங்காமல் ஓடினால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அடுத்தது சட்டம். ஆர்.சி.யில் ஈ.சி.யூ. பற்றி எதுவும் இல்லையே என்று சிலர் தைரியம் சொல்வார்கள், நம்ப வேண்டாம். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. அதனால் நாமக்கல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். மறைத்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மில் சிக்கல் வரும். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதையும் நிராகரித்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

ரேஸ் டிராக்கில் ஓட்ட வண்டி கட்டுபவருக்கு இது நல்ல வேலைதான். சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற வண்டிக்கு, நல்ல கார்புரேட்டர் மெக்கானிக் ஒருவர் போதும் என்பதே என் முடிவு.

ஏற்கெனவே மாட்டி ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. பட்டறை கோவையில் இருந்தாலும், மோகனூர்க்காரர் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆலோசனைக்கு 1915. ஆனால் பில் இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம்.

அப்படியும் மாட்டத்தான் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: சில டியூனர்கள் மேப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுவார்கள். பிறகு சின்னக் கோளாறுக்கும் அவர்களிடமே போக வேண்டியதுதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மேப் நகல், பாஸ்வேர்டு, வயரிங் படம் மூன்றும் தருவதாக எழுதி வாங்குங்கள். கழற்றிய கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பட்டறையில் விட்டுவராதீர்கள். பின்னால் ஆர்.டி.ஓ. ஆட்சேபித்தால் வண்டியைப் பழையபடி ஆக்க அவை வேண்டும்.