பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு: மாணவர் எழுதும் கருத்து எங்கே போகிறது?

ஒரு மாவட்டத்தில் டிங்கிக் காய்ச்சல் கூடினால் எந்தத் தாமானில் முதலில் புகை மருந்து அடிப்பது, எங்கே வீடு வீடாகச் சோதனை செய்வது என்ற முடிவுகள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எடுக்கப்படுகின்றன. அங்கே பொறுப்பில் இருப்பவர் பெரும்பாலும் பொதுச் சுகாதாரம் பயின்ற மருத்துவர். மலேசியாவில் அத்துறையில் நிபுணராவதற்கு வழக்கமான பாதை நான்கு ஆண்டுகள்: முதலில் ஓராண்டு முதுகலை, பிறகு மூன்றாண்டு முனைவர் நிலைப் படிப்பு.

அந்த முதுகலை ஆண்டில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் மாணவர் கையில் ஒரு கருத்துப் படிவம் வருகிறது. 1 முதல் 5 வரை மதிப்பெண், கீழே நாலு வரி எழுத ஒரு கட்டம். மலேசியத் தகுதி முகமையின் அங்கீகார விதிகள் மாணவர் கருத்தைக் கேட்க வேண்டும் என்கின்றன. ஆகவே படிவம் தவறாமல் வருகிறது. அதைச் சரியாகப் படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 2017இல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு, பல பழைய ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. மாணவர் அதிக மதிப்பெண் தந்த விரிவுரையாளரிடம் அவர்கள் அதிகம் கற்றார்கள் என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் விசித்திரமானது. குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த மாணவர்கள், விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சிரமப்பட்டுக் கற்பது அந்த நேரத்தில் இனிப்பதில்லை.

சராசரியும் பல நேரம் உண்மையை மறைக்கும். பொதுச் சுகாதார வகுப்பில் மருத்துவரோடு பல் மருத்துவரும், மற்றச் சுகாதாரத் துறைகளிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து உட்காருவதுண்டு. புள்ளியியல் பாடம் ஒருவருக்கு மூச்சு முட்டும் வேகம், பக்கத்தில் இருப்பவருக்குக் கொட்டாவி. ஒருவர் 1 போடுகிறார், மற்றவர் 5 போடுகிறார். சராசரி 3 என்று வந்தால் ‘பரவாயில்லை’ என்று தோன்றும். உண்மையில் அந்த வகுப்பு இருவருக்குமே பொருந்தவில்லை. இதைச் சொல்வது மதிப்பெண் அல்ல, கீழே உள்ள அந்தக் கட்டம்தான்.

அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக வருவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. வகுப்பு சிறியது. படிவத்தில் பெயர் இல்லாவிட்டாலும், ‘சபாவில் நான் வேலை செய்த கிளினிக்கில்’ என்று ஒரு வரி எழுதினால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். அடுத்த மூன்றாண்டும் அதே துறையில் தொடர நினைப்பவர், நாளைக்குத் தம் ஆய்வேட்டை வழிநடத்தப் போகிறவரைப் பற்றி எப்படிக் குறை எழுதுவார்? கருத்தாய்வில் பதில் தராதவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது இதே மாணவர்கள் நோய்ப்பரவலியல் வகுப்பில் படிக்கும் பாடம். அவர்களுடைய சொந்தப் படிவத்துக்கும் அது பொருந்தும்.

மிகவும் கவனமாகப் படிக்க வேண்டியது களப்பயிற்சி பற்றி மாணவர் எழுதுவதை. விரிவுரையில் என்ன நடந்தது என்று துறைக்கே தெரியும். அனுப்பிய இடத்தில் மாணவர் நோய்த்தடுப்பு வேலையில் இறங்கினாரா, மூலையில் உட்கார்ந்து கோப்பு அடுக்கினாரா என்பது அவர் சொன்னால்தான் தெரியும். இது சின்ன விஷயமல்ல. 1998இல் ஈப்போ அருகே தொடங்கிய மூளைக்காய்ச்சல், முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. புகை மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் நோயில் விழுந்தவர்கள் சிறுவர்கள் அல்ல. பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் புதிய கிருமி பிடிபட்டது. பின்னர் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவியிருந்தது. மொத்தம் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்தார்கள். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பண்ணை வாசலில் நின்று கேட்கும் பழக்கம் களத்தில்தான் வரும்.

இன்னொரு சிக்கல் நேரம். பாடம் முடிந்த பிறகு கேட்கும் கருத்தால் பயனடைவது அடுத்த ஆண்டு மாணவர்; எழுதியவர் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருப்பார். நான்காம் வாரத்திலேயே ஒரு சிறு தாளில் ‘எது புரியவில்லை, எது தடையாக இருக்கிறது’ என்று இரண்டு கேள்வி கேட்டால் ஐந்தாம் வாரத்திலேயே சிலவற்றைத் திருத்தலாம். புள்ளியியலுக்கு ஒரு மாலைநேரக் கூடுதல் வகுப்பு வைக்கப் பெரிய செலவு ஆகாது. களப்பயிற்சி இடத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல, அதற்கு வேறு அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். மாற்ற முடியாததற்கு என்ன காரணம் என்று வகுப்பில் சொல்லிவிட்டால், அடுத்த முறை அந்தக் கட்டத்தில் நாலு வரி எழுதுபவர்கள் கூடுவார்கள்.