மந்திரம் உடலுக்குள் செய்யும் வேலை

கோலார் தங்கவயல் தமிழர்களின் ஜெபத்துக்குப் பல வழிகள் உண்டு. கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் ‘ஓம் நமசிவாய’ ஒலிக்கிறது. மாதா கோயில்களில் ஜெபமாலை சொல்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளைவிட்டபோது, புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடையும் பாலி மொழித் திரிசரணமும் உடன் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், பாறை வெடிக்கும் அச்சத்தோடு உழைத்தவர்களின் ஊர் இது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஊரும் இதுவே. இவர்களுடைய ஜெபம் உடலுக்கும் மனத்துக்கும் உதவுமா? உதவும். அந்தப் பலன் எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் உரியதல்ல என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டது. நலமாக இருந்த 23 பேரை லத்தீன் ஜெபமாலையையும் ‘ஓம் மணி பத்மே’ மந்திரத்தையும் சொல்லவைத்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பதிவுசெய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ஜெபமாலையில் ஒருவர் முற்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்லி முடிக்க, ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி ஆகிறது. நம் ரத்த ஓட்டத்துக்கும் இயல்பாகவே பத்து விநாடி அலை ஒன்று உண்டு. மூச்சு அதனோடு இசையும்போது, அழுத்தம் ஏறினால் துடிப்பைத் தணித்தும் இறங்கினால் கூட்டியும் சரிசெய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி போதுமே, மந்திரம் எதற்கு என்று கேட்கலாம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2011இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், ஓம் என்று நீட்டி ஒலித்தபோது உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. வெறும் ‘ஸ்ஸ்’ ஒலிக்கு அப்படித் தணியவில்லை. சிறிய ஆய்வுதான், முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது. 2015இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், தியானப் பயிற்சியே இல்லாதவர்களிடம் ‘ஒன்று’ என்று பொருள்படும் எபிரேயச் சொல்லை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்னைப் பற்றிய ஓயாத எண்ணங்களை ஓட்டும் மூளை வலையமைப்பு அடங்கியது. ஆக, வாய்விட்டுச் சொன்னால் மூச்சு சீராகிறது. மனத்துக்குள் சொன்னாலும் கவலைக்கு இடம் குறைகிறது.

இது நம்பிக்கையைச் சிறுமைப்படுத்துவதாகப் பக்தர்கள் வருந்த வேண்டியதில்லை. நாள்தோறும் உட்கார்ந்து ஜெபிக்கும் உறுதியைத் தருவது நம்பிக்கைதான். எல்லாம் மனப்பிரமை என்பவர்களுக்கும் பதில் உண்டு: படைப்பணியில் நேர்ந்த அதிர்ச்சி நீங்காத அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 173 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மந்திர ஜெபம் பழகியவர்கள் வேறொரு உளச் சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் கல்தூசியால் சிலிக்கோசிஸ் கண்ட நுரையீரலை எந்த மந்திரமும் ஆற்றாது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மூச்சை வலிந்து இழுத்து நீட்டக் கூடாது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தவும் கூடாது. மருத்துவத்தோடு சேர்த்து, நாவுக்குப் பழகிய எந்த ஜெபத்தையும் அவசரமில்லாமல் சொல்லலாம். செலவில்லாத இந்தத் துணையை மருத்துவர்களும் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.