உங்களுக்குத் தெரியுமா? கிழக்கேகோட்டையில் ஒரு குதிரைப்படை!

● திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நிற்கிறது குதிரைமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) கட்டியது. கூரையைத் தாங்கும் மரத் தாங்கிகளில் வரிசையாக 122 குதிரைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மாளிகையின் பெயரே அவற்றால் வந்ததுதான்.

● பங்குனித் திருவிழாவின்போது கோயிலின் கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர்களின் வண்ணமிட்ட பேருருவங்கள் நிறுத்தப்படும். மழைக்கடவுளான இந்திரனை மகிழ்விக்கவே இந்த வழக்கம் என்பது நம்பிக்கை.

● பேருருவங்கள் மட்டுமல்ல, படையைச் சிற்றுருவாக்கி விளையாடுவதும் நமக்குப் புதிதல்ல. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையே சதுரங்கம் ஆனது.

● மேலைநாடுகளில் பொம்மைப் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து, 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ நூலை எழுதியவர் எச்.ஜி. வெல்ஸ்.

● இன்று பண்டைய கிரேக்கப் படையை 28 மி.மீ. உயர வீரர்களாக அடுக்குவோர் பலர். சுமார் 90 செ.மீ. அகலமான கிரேக்கக் கேடயம் இந்த அளவில் ஏறக்குறைய 1.6 செ.மீ. மட்டுமே! அதற்குள் மெல்லிய தூரிகையால் சின்னம் தீட்ட வேண்டும். வீரனுக்கு முதலில் அடிப்பூச்சு, அடுத்து நிறம், பிறகு உடை மடிப்புகளில் நிழல், மேடுகளில் வெளிச்சம். கடைசியாகப் பீடத்தில் பசை தடவி மணல் தூவினால், வீரன் காலடியில் போர்க்களம் தயார்.

அடுத்த முறை குதிரைமாளிகைக்குப் போனால், குழந்தைகளுக்குக் கூரையடியைக் காட்டுங்கள். அந்தக் குதிரைகளைச் செதுக்கிய தச்சர்களின் பொறுமையும் உளியின் நுட்பமும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை.