பெயர் இருக்கிறது, கோப்பு எங்கே?



தோட்டத்து வீட்டில் மகள் மடிக்கணினியைத் திறக்கிறாள். பாடக் குறிப்புகள், பிறப்புப் பத்திரத்தின் நகல், அப்பாவின் சம்பளச் சீட்டு எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. இணையத் தொடர்பு இல்லாத நேரத்தில் ஒன்றைத் தட்டினால் திறக்க மறுக்கிறது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று வீடே கலங்குகிறது. உண்மையில் யாரும் அழிக்கவில்லை.

மளிகைக் கடையில் முன்தட்டில் வெறும் டப்பாவை அடுக்கி, சரக்கைப் பின்னால் கிடங்கில் வைத்திருப்பார்கள் அல்லவா? கேட்டதும் பையன் ஓடிப்போய் எடுத்து வருவான். மேகச் சேமிப்பும் அப்படித்தான். பெயர், அளவு, தேதி ஆகியவை நம் கணினியில் இருக்கும். உள்ளே இருக்க வேண்டியது தொலைவில் உள்ள கணினியில் இருக்கும். திறக்கும்போதுதான் இறங்கி வரும். சிறிய வட்டுள்ள கணினிக்கு இது பெரிய உதவி.

ஆனால் அந்தப் "பையன்" வேலையை யாரிடம் கொடுப்பது? மென்பொருள் செய்பவர்களை வாட்டிய கேள்வி இது. சிலர் கணினி இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே தங்கள் துண்டு ஒன்றைச் செருகினார்கள். வேகம் உண்டு, ஆனால் அதில் சிறு பிழை நேர்ந்தாலும் கணினி முழுவதும் நின்றுவிடும். ஆப்பிள் நிறுவனம் 2022-இல் மேக் இயங்குதளத்தின் 12.3 பதிப்பில், டிராப்பாக்ஸும் ஒன்டிரைவும் பயன்படுத்திய அத்தகைய துண்டுகளுக்குக் கதவை மூடியது. அதற்குப் பதிலாகத் தன் சொந்த ஏற்பாடான 'ஃபைல் புரொவைடரை'க் கொடுத்தது.

லினக்ஸில் 2005 முதல் 'ஃபியூஸ்' என்ற வழி கருவிலேயே இருக்கிறது. இதில் ஒவ்வொரு கோரிக்கையும் வெளியே ஓடும் ஒரு சாதாரண நிரலுக்குப் போகிறது. பிழை வந்தால் கணினி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நிரல் நின்றால் கோப்புறை முழுவதும் கைக்கு எட்டாது.

விண்டோஸின் கதை சுவையானது. 2013-இல் 8.1 பதிப்பில் இந்த வெறும் டப்பா முறை வந்தது. கோப்பு தெரிகிறது, திறக்கவில்லையே என்று மக்கள் குழம்பியதால் 2015-இல் விண்டோஸ் 10 அதை விலக்கியது. 2017-இல், ஒவ்வொரு கோப்பின் நிலையையும் படக்குறியால் காட்டி, திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று புதிதாக மென்பொருள் செய்பவர் இயங்குதளமே தரும் ஏற்பாட்டைப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். இறங்கிய கோப்பு அதில் மெய்யாகவே வட்டில் தங்குகிறது. நிரல் நின்றாலும் திறக்கும்.

ஒன்டிரைவில் குறிகளைக் கவனியுங்கள். நீல மேகம் இருந்தால் கோப்பு இங்கில்லை. வெள்ளை வட்டத்தில் பச்சை 'சரி' குறி இருந்தால் இறங்கியிருக்கிறது. இடம் போதாவிட்டால் மீண்டும் மேகத்துக்குப் போகலாம். நிறைந்த பச்சை வட்டம் என்றால் இங்கேயே நிலைக்கும். மற்றொன்று: மேகக்குறி உள்ள கோப்பை "இங்கே இல்லைதானே" என்று அழித்தால் அங்கேயும் அழியும். இடம் மட்டும் வேண்டுமென்றால், வலப்பக்கப் பொத்தானை அழுத்தி இடத்தை விடுவிக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்வுக் குறிப்புகளையும் பிறப்புப் பத்திரத்தையும், தொடர்பு நன்றாக உள்ள இடத்தில் ஒருமுறை 'எப்போதும் இங்கே வை' என்று குறித்துவிடுங்கள்.