ஆடும் காரை அடக்கும் தகடுகள்



குழந்தையைத் தூங்க வைக்க நம் வீடுகளில் ஸ்பிரிங் தொட்டில் கட்டுகிறோம். மேலே ஸ்பிரிங், கீழே சேலை அல்லது கைலி. ஒருமுறை இழுத்து விட்டால் தொட்டில் மேலும் கீழுமாக நெடுநேரம் ஆடும். குழந்தைக்கு அது சுகம். அதே ஆட்டம் காருக்கு வந்தால் ஆபத்து.

ஏன் ஆபத்து? சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த இடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கியதை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, திருப்பித் தள்ளுகிறது. வண்டி குதிக்கிறது. குதிக்கும் நேரத்தில் சக்கரம் தரையை இலேசாகத்தான் தொடும். சில சமயம் தொடவே தொடாது. தரையைத் தொடாத சக்கரத்திற்கு பிரேக்கும் உதவாது, ஸ்டியரிங்கும் உதவாது. பந்திங்கிலிருந்து மோரிப் போகும் சாலையில், எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும் வேளையில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆடும் தொட்டிலை நிறுத்த நாம் என்ன செய்கிறோம்? கையால் பிடிக்கிறோம். காரில் அந்தக் கையின் வேலையைச் செய்வதுதான் அதிர்வுதாங்கி. பட்டறைகளில் இதை அப்சோர்பர் என்பார்கள். இன்றைய கார்களில் இது எண்ணெய் அடைத்த குழாய். பழங்காலக் கார்களிலோ எண்ணெய் இல்லை, உராய்வு மட்டுமே. 1890களின் இறுதியில் பிரான்சைச் சேர்ந்த துருஃபோ என்பவர் இதை உருவாக்கினார். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்பவரும், பிறகு இங்கிலாந்தில் ஆந்த்ரே நிறுவனமும் இதைச் செய்து விற்றார்கள். 1922 முதல் 1939 வரை வெளிவந்த ஆஸ்டின் செவன் என்ற சிறிய காரிலும் இந்த வகைதான் இருந்தது.

இதன் அமைப்பு எளிது. கத்தரிக்கோல் போல இரண்டு கைகள். ஒன்று வண்டிச் சட்டத்தோடும் மற்றொன்று அச்சோடும் சேர்ந்திருக்கும். இரண்டும் கூடும் இடத்தில் வட்டத் தகடுகள். அவற்றை ஒரு போல்ட்டும் நட்டும் அழுத்திப் பிடிக்கின்றன. அச்சு மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் தகடுகள் ஒன்றோடொன்று உரசும். குதிக்கும் சக்தி அங்கே சூடாக மாறிக் கழிந்துவிடும். பிற்காலத்தில் கைகளின் முனைகளில் ரப்பர் புஷ் வைத்தார்கள். அந்நாளில் உலகில் மிகுதியாக ரப்பர் தந்த நாடு மலாயா. பால்மரம் சீவிய நம் பெரியவர்களின் உழைப்பு எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது!

இனி, இதைச் சரிசெய்யும் முறையைப் பார்ப்போம். பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு இது பயன்படும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது; உறுதியான தாங்கி வேண்டும். அதிர்வுதாங்கியைக் கழற்றி, ஒரு கையை வைஸில் இறுக்குங்கள். மற்றக் கை தரைக்கு இணையாக நீட்டி நிற்கட்டும். நெடுநாள் நின்ற வண்டியில் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, அளப்பதற்கு முன் அந்தக் கையைப் பலமுறை மேலும் கீழும் அசைத்து விடுங்கள்.

பிறகு கையின் நுனியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கை எப்போது மெல்ல இறங்கத் தொடங்குகிறதோ, அந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாளியின் எடையையும் சேர்க்க மறவாதீர்கள். இதை மூன்று முறை செய்து பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இடப்பக்கத்துக் கை 8 கிலோவில் இறங்குகிறது. வலப்பக்கத்துக் கை 12 கிலோவில் இறங்குகிறது. இரண்டின் நீளமும் ஒன்றே. அப்படியானால் இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது, அல்லது வலப்பக்கம் இறுகியிருக்கிறது. இந்த நிலையில் ஓட்டினால் மேடுபள்ளத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எது சரியான எடை என்பதை அந்தக் காருக்குரிய கைப்புத்தகத்தில் பாருங்கள். நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவு மட்டும் திருப்பி, மீண்டும் அளந்து பாருங்கள். இரு பக்கமும் ஒன்றாக வரும்வரை பொறுமை வேண்டும்.

பின்னர் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் பிடி போதவில்லை. சிறு கல்லுக்கெல்லாம் முதுகில் இடித்தால் பிடி அதிகம். இறுக்கினால் நல்லதுதானே என்று சிலர் நினைப்பார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்பிரிங் வேலை செய்யாது. இடி முழுவதும் சட்டத்தில் விழும். சக்கரமும் தரையைவிட்டுத் துள்ளும். தளர்ச்சியால் வரும் அதே ஆபத்து இறுக்கத்தாலும் வரும்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. மரத்தகடுகளும் உண்டு, பிரேக் லைனிங் போன்ற தகடுகளும் உண்டு. பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். நோய் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். ஆகவே தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயால் அடிக்காதீர்கள், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

உராய்வுத் தகடு ஏன் வழக்கொழிந்தது? வேகமாக அசைத்தாலும் மெதுவாக அசைத்தாலும் அதன் பிடி ஏறக்குறைய ஒன்றுதான். சிறு பள்ளத்தில் அசையாமல் நிற்கும். பெரும் பள்ளத்தில் போதாமல் போகும். எண்ணெய் அப்படியல்ல. தண்ணீருக்குள் கையை வேகமாக வீசிப் பாருங்கள்; வேகம் கூடக் கூடத் தடையும் கூடும். எண்ணெய் வகையின் இயல்பும் அதுதான். 1948 முதல் வந்த மோரிஸ் மைனரில் இருப்பது எண்ணெய் வகையே. கை போன்ற உறுப்பு அதிலும் உண்டு. அதைக் கண்டு உராய்வு வகை என்று எண்ணி நட்டை இறுக்கிவிடாதீர்கள். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவில் மூடிய குழாய். கெட்டால் மாற்றுவதே வழி.

உராய்வு முறை அடியோடு மறைந்துவிடவில்லை. முன்பக்கக் கதவுள்ள துணி துவைக்கும் இயந்திரங்கள் பலவற்றில், சுழலும் தொட்டியின் ஆட்டத்தை அடக்குவது இன்றும் உராய்வுதான். தொட்டிலானாலும், காரானாலும், துணி துவைக்கும் இயந்திரமானாலும் விதி ஒன்றே: ஆட்டத்தை அடக்க வேண்டும், அசைவைக் கட்டிப்போடக் கூடாது.