அரிதட்டின் மேல் நிற்பவர்கள்
வடிகட்டிய அறிக்கையை வாசிப்பது எப்படி?

புட்டுக்கு மா அரிக்கும்போது மா கீழே விழும், கப்பி அரிதட்டின் மேல் நிற்கும். கப்பியை யாரும் வீசுவதில்லை. அது கண்முன்னே இருப்பதால் கஞ்சிக்காவது எடுத்து வைப்போம். கணனியில் அரிக்கும் பட்டியல் அப்படியல்ல. மேலே நின்றவர்களின் பெயர் கடதாசியில் வருவதே இல்லை. அப்படியொருவர் இருந்தார் என்பதும் வாசிப்பவருக்குத் தெரியாது.

முன்னர் கிராம சேவையாளரின் கொப்பியில் ஒரு பெயரை விலக்குவதென்றால் கோடு கீற வேண்டும். கோட்டின் கீழ் பெயர் தெரியும், ஏன் என்று கேட்கலாம். இன்று விபரங்கள் எக்செல் போன்ற அட்டவணைகளில் இருக்கின்றன. ஒரு நிரலின் தலைப்பில் உள்ள சிறு அடையாளத்தை அழுத்தி "இவர்களை மட்டும் காட்டு" என்றால் மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள். அழிந்துவிடவில்லை, மறைந்திருக்கிறார்கள். இதைத்தான் வடிகட்டுதல் என்கிறோம். பயனுள்ள வேலைதான். ஆயிரம் குடும்பங்களில் கிணறு இறைக்க வேண்டியவர்கள் யார் என்று ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் வடிகட்டிய அறிக்கை, வடிகட்டியவர் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

ஒரு பெரிய உதாரணம் பார்ப்போம். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 830,552. யுத்தத்தின் பின் 2012இல் முழுமையாக எண்ணியபோது ஏறத்தாழ 583,000. இரண்டு எண்களையும் கழித்து, இரண்டரை இலட்சம் பேர் குறைந்தனர் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 1981இல் கிளிநொச்சியும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1984இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. கிளிநொச்சிப் பகுதியின் 91,764 பேரை விலக்கினால் 1981இன் எண் 738,788. குறைவு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று அதிகம். அதுவும் சிறிய இழப்பல்ல. இரு பக்கமும் ஒரே அரிதட்டால் அரித்தால்தான் ஒப்பிடலாம் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

இனி நம்முடைய விடயத்துக்கு வருவோம். 2009க்குப் பின் வந்த அறிக்கைகள் பலவற்றில், 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் "பழையவர்", பின்னர் இடம்பெயர்ந்தோர் "புதியவர்" என்று பிரிக்கப்பட்டனர். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டும் நடந்து, வன்னிக்குப் போய், 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "இடம்பெயர்ந்த திகதி" என்ற கட்டத்தில் எதை எழுதுவது? முதல் திகதியை எழுதினால் பழையவர், கடைசித் திகதியை எழுதினால் புதியவர். குடும்பம் ஒன்று, துன்பமும் ஒன்று. எழுதிய திகதி அவர்களை இந்தப் பட்டியலில் அல்லது அந்தப் பட்டியலில் போட்டுவிடும். கட்டம் ஒன்றுதான் என்றாலும் எல்லாத் திகதிகளையும் குறிப்பில் எழுதுவியுங்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாக வடிகட்டிகள் போடும்போது நடப்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டலாம். பட்டியலில் 100 குடும்பங்கள். "நலன்புரி நிலையத்தில் இருப்போர்" என்றால் 30 ஆகிறது. உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருந்த 70 குடும்பங்கள் மறைந்தன. "காணி உறுதி உள்ளோர்" என்று சேர்த்தால் 18. குத்தகைக்குத் தோட்டம் செய்தவர்களும் உறுதி தொலைந்தவர்களும் போயினர். "1990இல் குடும்பத் தலைவராகப் பதியப்பட்டோர்" என்றால் 11. அன்று பிள்ளைகளாக இருந்து பின்னர் மணம் முடித்துத் தனிக் குடும்பமானவர்களும் போய்விட்டார்கள். இப்போது "பயிர்ச்செய்கைக் காணி வேண்டுவோர் 11 குடும்பங்கள்" என்று அறிக்கை எழுதப்படுகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. மூன்று நிபந்தனைகளையும் தலைப்பில் எழுதாமல் விட்டதுதான் பிழை. நிபந்தனைகளை "இதுவும் அதுவும்" என்று சேர்த்தால் பட்டியல் சுருங்கும், "இது அல்லது அது" என்று சேர்த்தால் விரியும். ஒரே சொல் வித்தியாசம்தான், எத்தனை வீடுகள் அதில் தங்கியிருக்கின்றன!

வெறும் கட்டம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. "உறுதி உண்டா?" என்ற கேள்விக்கு, எரிந்துவிட்டதே என்ன சொல்வது என்று தயங்கி ஒன்றும் எழுதாமல் விட்டவர்கள் பலர். "உண்டு" என்று வடிகட்டினால் அவர்கள் வரமாட்டார்கள். "இல்லை" என்று வடிகட்டினாலும் வரமாட்டார்கள். இரு பட்டியலிலும் இல்லாத குடும்பத்தை யார் தேடப்போகிறார்கள்? "உண்டு, மூலப்பிரதி தொலைந்தது" என்று எழுதுங்கள். பதியப்பட்ட உறுதியாயின் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழியுண்டு.

எழுத்துக்கூட்டலும் அப்படியே. மயிலிட்டி, மைலிட்டி என்று இரு விதமாகப் பதிந்தால் கணனிக்கு அவை இரண்டு ஊர்கள். ஆகவே ஊர்ப்பெயருடன் கிராம சேவையாளர் பிரிவு இலக்கத்தையும் கொடுங்கள். காங்கேசன்துறை மேற்கு ஜே/233, மயிலிட்டி வடக்கு ஜே/246 என்றவாறு. இலக்கம் பிழைக்காது.

பட்டியல் தயாரிக்கும் கமக்காரர் அமைப்புச் செயலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்செலில் வரிசை இலக்கங்கள் நீல நிறமாகத் தெரிந்தால் ஏதோ ஒரு வடிகட்டி போட்டபடி இருக்கிறது என்று அர்த்தம். நேற்று வேறொருவர் போட்டதாகவும் இருக்கலாம். அடியில் "சம்" என்ற கூட்டலைப் போட்டிருந்தால் அது மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். "சப்டோட்டல்" வடிகட்டலில் தெரிபவற்றை மட்டும் கூட்டும். பக்கத்தில் 11 பெயர், அடியில் 100 பேரின் ஏக்கர்க் கணக்கு என்று வருவது இதனால்தான்.

இணையத்தளங்களுக்கு வருவோரை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவியிலும் இதே சிக்கல் உண்டு. தங்கள் அலுவலர்களே தளத்தைத் திறந்து பார்ப்பதை எண்ணாமல் விட அங்கே வடிகட்டி போடுவார்கள். அது விலக்கிய பதிவைப் பின்னர் மீட்க முடியாது. அதனால் 2023 வரை இருந்த அதன் பழைய பதிப்பில், அந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஒன்றும் வடிகட்டாத தனிப் பதிவு ஒன்றை எப்போதும் வைத்திருந்தார்கள். நமது அமைப்புகளும் முழுப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் அரிக்க வேண்டும்.

வலிகாமம் வடக்கில் 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. இன்னும் முழுவதும் விடப்படவில்லை. ஆகவே இன்னும் பட்டியல்கள் எடுக்கப்படும். உங்கள் பெயர் ஒரு பட்டியலில் இல்லையென்றால், "ஏன் இல்லை?" என்று மட்டும் கேட்டு வராதீர்கள். "எந்த நிபந்தனைகளால் இந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது? அரிக்க முன் மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். வாயால் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே இரு கேள்விகளையும் எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.